இறக்கத்தில் மட்டும் நழுவிய லோ கியர்: ஒரு ஜிப்சி டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துக் கட்டியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றினுடையது. மாருதி ஜிப்சி கிங்: 1298 சிசி பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர், வேண்டும்போது மட்டும் முன்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. தோட்டத்துக்கு வருமுன்பே இரண்டு கை மாறியிருந்தது. முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் ஸ்பிரிங் பட்டைகளைச் சற்று உயர்த்தி, 205/70 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 டயர்களைப் போட்டிருந்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பாறைப் பாதையில் அடிவயிறு தட்டாமல் போக அந்த உயரம் உதவியதும் உண்மை. அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது பின்னால் வரும்.

தோட்டத்துக்குள் தார்ச் சாலை கிடையாது. கொழுந்து நிறுக்கும் இடம், தொழிலாளர் குடியிருப்பு, ஓடைக்கு அப்பால் இருக்கும் பழைய பங்களா என்று தினமும் சுற்றும் வண்டி அது. மழைக்காலத்தில் ஓடையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வாரம் ஒரு முறை 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய் வரும். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். மலைப்பாதையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் சொன்ன புகார் ஒரே வரி: நான்கு சக்கர லோ கியர் தானாகக் கழன்றுகொள்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பழகாத வாசகருக்காகச் சில வார்த்தைகள். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குக் கொண்டுபோவதும், சாதாரண ஓட்டத்துக்கு ஹை, மெதுவாக அதிக இழுவையோடு போக லோ என்று இரண்டு நிலை தருவதும் இதன் வேலை. ஜிப்சியில் இந்தப் பெட்டி கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் வந்து பெட்டியின் இன்புட் ஃபிளாஞ்சில், அதாவது ஷாஃப்டை இணைக்கும் வட்டத் தட்டில், சேரும். பெட்டி மூன்று ரப்பர் மவுண்டிங்குகளில் சட்டத்திலிருந்து தொங்கும். உள்ளே சங்கிலி எதுவும் இல்லை, எல்லாம் பல்சக்கரம். இன்புட் சக்கரம் கவுண்டர் கியரைச் சுழற்ற, கவுண்டர் கியர் அவுட்புட் ஷாஃப்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஹை, லோ என்ற இரண்டு சக்கரங்களையும் சுழற்றும். இவ்விரண்டுக்கும் நடுவே ஸ்லீவ் என்ற வளையம் ஒன்று வழுக்கிச் செல்கிறது. அது எந்தச் சக்கரத்தின் கவ்வுப் பற்களில் மாட்டுகிறதோ அந்தச் சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் நியூட்ரல்.

ஆபத்து அந்த நியூட்ரலில்தான். லோ கியரில் செங்குத்தான இறக்கத்தில் போகும் வண்டியை என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்லீவ் கழன்ற கணத்தில் அந்தப் பிடி முழுவதும் போய்விடும். மீதியெல்லாம் பிரேக்கின் பொறுப்பு. ஈரமான செம்மண்ணில் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை மலையில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறை சமாளித்துவிட்டதாகவும், மூன்றாவது முறை வண்டியை வேண்டுமென்றே மேட்டுப் பக்கம் சாய்த்து நிறுத்தியதாகவும் ஓட்டுநர் சொன்னார்.

முதல் வருகையில் கண்டது

வண்டி கோவையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்து, பெட்டியை ஒரு கடப்பாரையால் மெல்ல நெம்பினோம். மூன்று ரப்பர்களில் ஒன்று உலோகத் தட்டிலிருந்து முழுவதும் பிய்ந்திருந்தது. இன்னொன்று பாதி கிழிந்திருந்தது. பெட்டி தொட்டில் போல ஆடியது.

ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் லீவர் நேராகப் பெட்டியின் மேலேயே நிற்கிறது. பெட்டி சாய்ந்தால் லீவரும் சாயும். தரைத் தகட்டில் உள்ள துளையின் விளிம்பில் முட்டும். விளிம்பு அதைத் திருப்பித் தள்ளும். ரப்பர் கிழிந்த ஜிப்சியில் லோ கியர் கழல்வது நாங்கள் பல முறை பார்த்த நோய். துளையின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து பளபளத்ததையும் கண்டோம். காரணம் கையில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம்.

பின் அவுட்புட் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் சீலின் கீழே ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் தடிமனுக்கு அப்பியிருந்ததையும் பார்த்தோம். வேலை அட்டையில் "சீல் கசிவு, அடுத்த முறை பார்க்க" என்று எழுதப்பட்டது. எழுதியது நான்தான். ஆயில் அளவுத் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

முதல் முடிவு, அது பலிக்காமல் போனது

மூன்று ரப்பர்களையும் புதிதாக மாற்றினோம். மலைக்குப் போகும் வண்டி என்பதால் கடினமான பாலியூரித்தேன் மவுண்டிங் போடலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. பெட்டியின் உடல் அலுமினிய வார்ப்பு. ரப்பர் விழுங்க வேண்டிய அதிர்ச்சியைக் கடினமான மவுண்டிங் விழுங்காமல் அப்படியே வார்ப்பின் காதுகளுக்கு அனுப்பிவிடும். ரப்பர் கிழிந்தால் ரப்பரை மாற்றலாம். காது உடைந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். அந்த முடிவை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சோதித்துப் பார்த்தோம். மருதமலைப் பக்கம் கல் பாவிய ஒரு செங்குத்தான ஏற்றத்தில் லோ கியர் போட்டு நான்கைந்து முறை ஏறினோம். கியர் அசையவில்லை. வண்டியை அனுப்பிவைத்தோம்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. பட்டறை வாசலில் இறங்கிய ஓட்டுநர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, முன்பே சொன்னேன். ஏறும்போது அது ஒன்றும் செய்யாது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் கழன்றுகொள்கிறது."

உண்மையிலேயே முன்பே சொல்லியிருந்தார். "இறங்கும்போது கழல்கிறது" என்று அட்டையிலும் பதிவாகியிருந்தது. வண்டி இறங்கும் நேரத்தில் நடக்கிறது என்று நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம். என்ஜின் இழுப்பதை விட்டுவிட்டு வண்டியைப் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் நடக்கிறது என்று அவர் சொன்னார். கியர் பற்களைப் பொறுத்தவரை இரண்டும் வேறு உலகம். ஏற்றத்தில் பல்லின் ஒரு முகம் சுமை தாங்கும், இறக்கத்தில் மறுமுகம் தாங்கும். நாங்கள் சோதித்தது முதல் முகத்தை மட்டும்.

இந்த முறை அவரையே ஓட்டச் சொன்னோம். லீவரின் அடியைப் பார்க்கும்படி ஒரு கைபேசியைத் தரையோடு நாடாவால் கட்டி, ஒளிப்பதிவை ஓடவிட்டோம். அதே ஏற்றத்தின் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கி, முதல் கியரில், காலை எடுத்தார். ஒளிப்பதிவில் தெளிவாகத் தெரிந்தது: லீவர் தரைத் துளையின் எந்த விளிம்பையும் தொடவில்லை. பெட்டியும் ஆடவில்லை. லீவர் மட்டும் தானாக, எறும்பு ஊர்வது போல, ஒரு விரற்கடை அளவு பின்னால் ஊர்ந்து, பிறகு "டக்" என்று நடுவுக்கு வந்து நின்றது. யாரோ உள்ளேயிருந்து தள்ளுவது போல இருந்தது. உண்மையில் உள்ளேயிருந்துதான் தள்ளிக்கொண்டிருந்தது.

பிரித்தபோது

ஃபிளாஞ்சுகளைக் கழற்றுமுன் ஒவ்வொரு ஷாஃப்டிலும் சென்டர் பஞ்ச்சால் அடையாளம் குத்திக்கொண்டோம். திரும்பப் பூட்டும்போது பழைய நிலையிலேயே பூட்டாவிட்டால் புதிதாக ஓர் அதிர்வு கிளம்பும். பிறகு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

வடிதிருகைத் திறந்ததும் பாதிக் கதை வெளியே வந்தது. இந்தப் பெட்டிக்கு 0.8 லிட்டர் ஆயில் பிடிக்கும். தட்டில் வடிந்தது அதில் பாதிக்கும் குறைவு. நிறம் பால் கலந்த காபி. ஆயிலோடு தண்ணீர் சேர்ந்து கடைந்தால் வரும் நிறம் அது. மேலே உள்ள மூச்சுத் திருகு மண்ணால் அடைபட்டிருந்தது. ஓடி ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சு வழி அடைபட்டிருந்தால் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் வெளியே போவதற்கும் தண்ணீர் உள்ளே வருவதற்கும் அந்த ஒரே சீல்தான் வாசல்.

உடலைப் பிரித்து அவுட்புட் ஷாஃப்டை வெளியே எடுத்தோம். லோ சக்கரத்தைக் கையில் பிடித்து ஆட்டினால் தளர்ந்த வளையல் போல ஷாஃப்டின் மேல் தலையாட்டியது. அடியில் இருந்த நீடில் பேரிங்கின் ஊசிகளில் துருக் குழிகள். கவுண்டர் ஷாஃப்டில் ஊசிகள் ஓடும் தடமும் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்து கிடந்தது. லோ சக்கரத்தின் பக்கவாட்டு அசைவைத் தாங்கும் வாஷர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சாய்வுப் பல் சக்கரங்கள் சுமையில் பக்கவாட்டிலும் தள்ளும். இழுக்கும்போது ஒரு திசை, பிடிக்கும்போது எதிர்த் திசை. தேய்ந்திருந்தது பிடிக்கும் பக்கம்.

கவ்வுப் பற்களை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது மிச்சமும் விளங்கியது. நல்ல நிலையில் இருக்கும் கவ்வுப் பல் அடியில் சற்று ஒடுங்கியும் நுனியில் சற்று அகன்றும் இருக்கும். சுமை ஏற ஏற ஸ்லீவை உள்ளுக்கு இழுத்துக்கொள்வதற்காக அப்படி வெட்டியிருப்பார்கள். இந்தச் சக்கரத்தில் இழுப்பு முகம் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் விளிம்பு கூர்மையாகத் தட்டியது. மறுமுகத்தில் நகம் வழுக்கிக்கொண்டே போனது. நுனி உருண்டு, சரிவு தலைகீழாகிவிட்டிருந்தது. ஸ்லீவை இழுத்துப் பிடிக்க வேண்டிய சரிவு இப்போது அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரே பல்லில் ஒரு கன்னம் இளமை, மறு கன்னம் கிழம். ஓட்டுநரின் ஒரு வரிப் புகார் எஃகில் அப்படியே எழுதியிருந்தது.

ஸ்லீவை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கின் ஒரு பக்கம் தேய்ந்து நீலம் பாரித்திருந்தது. கழலும் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டியதன் விளைவு அது. ஷிஃப்ட் ஷாஃப்டை நிலையில் நிறுத்தும் எஃகுக் குண்டின் ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் குட்டையாகத் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. இரண்டு ஷிஃப்ட் ஷாஃப்டுகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடைக்குண்டு இல்லவே இல்லை. முன்சக்கரங்களைச் சேர்க்காமல் லோ கியருக்குப் போக முடியாதபடி தடுப்பது அதன் வேலை. இதற்கு முன் பெட்டியைத் திறந்த ஏதோ ஒரு பட்டறையில் அது தவறி விழுந்திருக்கலாம், தெரிந்தே எடுத்திருக்கலாம். தெரிந்தே எடுப்பவர்கள் உண்டு: இரண்டு சக்கர லோ கிடைக்கும் என்பதற்காக. ஓட்டுநரிடம் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார். தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தையும் சேர்த்தால் ஸ்டியரிங் இறுகும். ஹையில் ஏறினாலோ முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே வண்டி மூச்சு வாங்கும்.

ஏன் மூச்சு வாங்குகிறது என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

எந்தப் பல்சக்கரம் போடுவது

தேய்ந்த பாகங்களை அதே அளவில் மாற்றி அனுப்பியிருக்கலாம். புகார் தீர்ந்திருக்கும். ஆனால் லோ சக்கரம், கவுண்டர் ஷாஃப்ட், ஸ்லீவ், பேரிங்குகள் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவை. பெட்டி மேசையில் பிரிந்து கிடக்கும்போது விகிதத்தையும் யோசிக்காமல் விடுவது சோம்பேறித்தனம்.

கணக்கு எளிது. 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. 235/75 ஆர்15 டயருக்கு ஏறத்தாழ 733 மி.மீ. டயர் பத்து விழுக்காடு பெரிது என்றால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். வண்டி எல்லாக் கியரிலும் கால் கியர் அதிகமாகப் போட்டது போல ஓடும். 4500 சுற்றில்தான் 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும் என்ஜின் அது. கீழ்ச்சுற்றில் சுமந்து இழுக்கும் டீசல் என்ஜின் அல்ல. கொண்டை ஊசி வளைவில் அது தவிப்பதற்கும், ஓட்டுநர் இரண்டு சக்கர லோவைத் தேடிப் போனதற்கும் முந்தைய உரிமையாளர் போட்ட டயர்தான் மூலம்.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, பழைய விகிதமே: ஹை 1.409, லோ 2.268. பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்ற இன்புட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே இந்த எண்; எண் கூடினால் இழுவையும் கூடும். இரண்டாவது, மலையேற்றப் போட்டிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பல்சக்கரத் தொகுப்பு. 4.16, 4.9, 6.5 என்று லோ விகிதங்கள் கிடைக்கின்றன. மூன்றாவது, பழைய எம்ஜி410 ஜிப்சியின் பல்சக்கரங்களை இந்தப் பெட்டிக்குள் போடுவது. 970 சிசி என்ஜினுக்காக வந்த அந்த வண்டியில் ஹை 1.580, லோ 2.511.

தோட்ட மேலாளர் இரண்டாவது வழியைத்தான் விரும்பினார். எங்கோ ஒரு ஒளிப்பதிவில் பாறைச் சுவர் மேல் நத்தை போல ஊர்ந்த ஜிப்சியைப் பார்த்திருக்கிறார். அவரிடம் பேசப் பட்டறையின் கரும்பலகையையே எடுத்துக்கொண்டோம். முதல் கியரின் விகிதம் 3.652. அதை 2.268-ஆல் பெருக்கினால் 8.28. 4.16-ஆல் பெருக்கினால் 15.19. ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்கு முறுக்கு முழுவதும் முன் அச்சின் ஜாயிண்டுகள், பின் அச்சு, நாம் அப்போதுதான் மாற்றிய ரப்பர்கள் எல்லாவற்றின் மேலும் விழும். பெரிய கவுண்டர் கியர் சுற்ற இடம் வேண்டி வார்ப்பின் உட்சுவரைத் தேய்த்துக் கழிக்கவும் வேண்டியிருக்கலாம். தோட்டத்தில் பாறைச் சுவர் ஏறும் வேலையும் இல்லை. இருப்பதெல்லாம் ஈரப் பாதை, சுமை, கொண்டை ஊசி வளைவு.

எம்ஜி410 சக்கரங்கள் ஹையில் 12 விழுக்காடும் லோவில் சுமார் 11 விழுக்காடும் கூடுதல் இழுவை தரும். டயர் தின்ற பத்தைத் திருப்பிக் கொடுத்து ஒன்றிரண்டு மிச்சமும் வைக்கும். ஹையிலும் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஓட்டுநருக்கு இனி இரண்டு சக்கர லோ தேவைப்படாது. அப்படியானால் தடைக்குண்டை மறுபடி போட்டுவிடலாம். அது இல்லாத வண்டியில் லோ கியரின் முழு முறுக்கையும் பின் அச்சு மட்டும் சுமக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் உடையாமல் இருந்தது அதன் பெருந்தன்மை.

மேலாளர் ஒப்புக்கொண்டார், செலவும் குறைவு என்பது அவரை நகர்த்தியிருக்கும். ஓட்டுநர் தடைக்குண்டு விஷயத்தில் முகம் சுளித்தார். "அண்ணா, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வேண்டும் என்றால் நானே எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லிவைத்தேன்.

பொருத்தியது

எம்ஜி410 சக்கரங்கள் சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி ஒன்றிலிருந்து கிடைத்தன. இன்புட், கவுண்டர், ஹை, லோ என நான்கையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரு குடும்பமாகவே வாங்க வேண்டும். ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று சேர்த்தால் பற்கள் ஒன்றோடொன்று பேசாது. விகிதமும் கணக்கில் வராது. வந்தவற்றின் கவ்வுப் பற்களில் நகத்தை ஓட்டிப் பார்த்தோம், இரண்டு முகத்திலும். இந்த முறை மறக்கவில்லை.

நீடில் பேரிங்குகள், பந்து பேரிங்குகள், வாஷர்கள், கவுண்டர் ஷாஃப்ட், அதன் ரப்பர் வளையம், ஸ்லீவ், ஃபோர்க், குண்டு ஸ்பிரிங்குகள், மூன்று ஆயில் சீல்கள் எல்லாம் புதிது. வார்ப்பை மண்ணெண்ணெயில் கழுவி, மூலைகளில் படிந்திருந்த காபிச் சேற்றைத் தூரிகையால் எடுக்கவே அரை நாள் ஆனது. இதில் அவசரப்படக்கூடாது. ஒரு மணல் துகள் நீடில் பேரிங்கில் போய் உட்கார்ந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

தடைக்குண்டை கிரீஸ் தடவி அதன் குழியில் ஒட்டவைத்து, அதற்குப் பிறகே ஷிஃப்ட் ஷாஃப்டைச் செலுத்தினோம். கிரீஸ் இல்லாமல் போட்டால் குண்டு பெட்டியின் அடிக்கு உருண்டுவிடும். முன்பு யாருக்கோ அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். உடல் பாகங்களைச் சீலன்ட் தடவிச் சேர்த்தோம். ஃபிளாஞ்ச் நட்டுகளைப் பழையதையே போடாமல் புதிதாக வாங்கி, இறுக்கியபின் கழுத்தை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கினோம்.

வண்டியில் ஏற்றுமுன் மேசையிலேயே ஒரு சோதனை. இன்புட் ஃபிளாஞ்சிலும் பின் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸால் கோடு போட்டு, லோவில் வைத்து, இன்புட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினோம். 2.511 என்ற விகிதத்துக்குப் பின்பக்கம் நான்கு சுற்றுக்கு மயிரிழை குறைய வர வேண்டும். பழைய விகிதமானால் நாலரைச் சுற்றை நெருங்கும். நான்காவது சுற்றின் முடிவில் கோடு கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஹையில் பத்துக்கு ஆறேகாலும் சொச்சமும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் இந்தச் சோதனையை மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தான். அவனைத் தடுக்கவில்லை.

மூச்சுத் திருகில் ஒரு குழாயை மாட்டி, என்ஜின் அறையில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். ஓடை கதவு வரை ஏறினாலும் தண்ணீர் அங்கே எட்டாது. முழு வேலையிலும் செலவு மிகக் குறைந்த மேம்பாடு இது. வண்டிக்கு மிக அதிகம் செய்யப்போவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

சோதனை ஓட்டம்

அதே செங்குத்துச் சரிவு, அதே கைபேசி, அதே ஓட்டுநர். இந்த முறை ஏற்றத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உச்சியில் நின்று, முதல் கியர், லோ, காலை எடுத்தார். வண்டி நடை வேகத்தில் இறங்கியது. நடுவழியில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுப் பார்த்தார். சுமை முகம் மாறி மாறி விழும் அந்த ஆட்டத்தில்தான் பலவீனமான கவ்வு கழலும். பத்து முறைக்கு மேல் இறங்கினோம். ஒளிப்பதிவில் லீவரின் அடி என்ஜினோடு சேர்ந்து லேசாக நடுங்கியதைத் தவிர வேறு அசைவில்லை.

பெட்டியிலிருந்து முன்பு இல்லாத ஒரு மெல்லிய ஊளை ஹையில் கேட்டது. வேறொரு வண்டியில் ஓடித் தேய்ந்த சக்கரங்கள் புதிய பேரிங்குகளில் உட்காரும்போது வரும் சத்தம் என்று எடுத்துக்கொண்டோம். 500 கி.மீ. கழித்து ஆயிலை வடித்துப் பார்க்கும்வரை அந்தக் கருத்தை உறுதியாகச் சொல்லவில்லை.

பின்பு நடந்தவை

500 கி.மீ. ஆயில் சாம்பல் நிறமாக வந்தது. வடிதிருகில் மை போன்ற பசை மட்டும் இருந்தது, துணுக்குகள் இல்லை. தண்ணீரும் இல்லை. புதிய ஆயில் ஊற்றி அனுப்பினோம். ஊளை நிற்கவில்லை, வளரவும் இல்லை.

ஒரு மாதத்தில் வண்டி மறுபடி வந்தது. இன்புட் ஃபிளாஞ்சில் ஆயில் கசிவு. இது எங்கள் பிழை. சீலைப் புதிதாகப் போட்டோம். சீலின் உதடு உட்காரும் ஃபிளாஞ்ச் கழுத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தோம். பழைய சீல் அங்கே ஒரு பள்ளம் அறுத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். கவ்வுப் பற்களுக்கெல்லாம் நகம் ஓட்டியவர்கள் இதற்கு ஓட்டவில்லை. ஃபிளாஞ்சை மாற்றினோம். கூலி வாங்கவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்டேன். இரண்டாவது கியரிலேயே பெரும்பாலான வளைவுகளில் திரும்பிவிடுவதாகச் சொன்னார். தடைக்குண்டைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. மேலாளருக்கு ஒரு குறை உண்டு: பொள்ளாச்சிச் சாலையில் ஐந்தாவது கியரில் என்ஜின் முன்பைவிடச் சத்தமாக ஓடுகிறது. உண்மைதான். 12 விழுக்காடு அதிகமாகச் சுற்றுகிறது. பெரிய டயர் போடுவதற்கு முன் அந்த வண்டி அநேகமாக இந்தச் சத்தத்தில்தான் ஓடியிருக்கும் என்று சொன்னேன். பாதி நம்பினார்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது: கியர் மாறியதால் வேகமானி தப்பாகக் காட்டுமா? அதனால் காட்டாது. அது கம்பி வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிவரும் பக்கத்திலிருந்து சுற்றை எடுக்கிறது. உள்ளே நாம் மாற்றிய விகிதம் அதற்குத் தெரியாது. ஆனால் டயரால் அது ஏற்கெனவே தப்பாகத்தான் காட்டுகிறது. முள் 60-இல் நிற்கும்போது வண்டி 66-ஐ ஒட்டிப் போகிறது. இத்தனை ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை.

இதை எழுதும்போது ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்துவிட்டது. ஆயில் ஒருமுறை மாற்றப்பட்டது, நிறம் சுத்தம். லோ கியர் ஒருமுறையும் கழலவில்லை.

மறுபடி இதே வண்டி வந்தால்

முதல் நாளே ஆயில் அளவுத் திருகைத் திறப்போம். கசிவைக் கண்டுவிட்டு அளவைப் பார்க்காமல் விட்டதற்கு எந்தச் சாக்கும் இல்லை. அன்றே காபி நிறம் தெரிந்திருக்கும். மூன்று வாரம் அந்த மனிதர் கழலும் கியரோடு மலையில் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

கிழிந்த ரப்பரைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தியது இரண்டாவது பிழை. ரப்பர் கிழிந்திருந்தது பொய்யல்ல; அது ஒரு காரணமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் புகாரில் இருந்த "இறங்கும்போது" என்ற சொல்லுக்கு ரப்பரால் முழு விடை தர முடியவில்லை. பெட்டி ஏற்றத்திலும்தானே ஆடும்? அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கியர் கழலும் வண்டி எது வந்தாலும் வேலை அட்டையில் இரண்டு கட்டம் இருக்கிறது: கால் அழுத்தியிருக்கும்போதா, எடுத்தபோதா. சோதனை ஓட்டத்தில் புகார் சொன்னவரே ஸ்டியரிங்கில் இருக்கிறார். கைபேசியைக் கட்டும் நாடா பெட்டி லேத் மேசையின் இழுப்பறையில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது.

பல்சக்கரத் தேர்வில் மாற்றம் எதுவும் செய்ய மாட்டேன். புதுப்பேட்டையிலிருந்து வந்த இன்புட் ஃபிளாஞ்சைத்தான் சும்மா கிடக்க விட்டிருந்தோம்; கழுத்து நல்ல நிலையில் இருந்த அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். கசிந்த பிறகு மாற்றிப் போட்டதும் அதைத்தான்.